முறுக்குப் பாட்டுக்கு முதல் பரிசு

அத்தியாயம் 17

'சைத்ராவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவளுக்கு நல்லதாக ஒரு அடி விழுந்தால்தான் மேலே படிப்பேன்' என்று உடுமலைப்பேட்டை வாசகி ஒருவர் அஞ்சலட்டையில் மிரட்டியிருக்கிறார். அம்மா, அடி இந்த வாரமே விழுகிறது. யார் மேல் விழுந்தது என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மைசூர் யாதவகிரியில் கார் ஷெட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருக்கும் கௌரிசங்கர், வாரநாட்களில் ஹெப்பாளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவன். சனி, ஞாயிறுதான் அவனுக்கு உயிர். வருஷா வருஷம் நடக்கிற 'நாதமுத்திரை' இசைப்பதிவு விருதுக்கு அவன் கூடத்திலிருந்து இரண்டு பதிவுகளை அனுப்ப முடிந்தது. ஒன்று, அவன் மனைவி சைத்ரா பாடிய பக்திப் பாடல் தொகுப்பு. மற்றது, அவன் தங்கை அனகா பாடிய ஐந்து நிமிஷக் கல்யாணக் கேலிப் பாட்டு.

"ஒரு பிரிவுக்கு ஒருத்தரைத்தான் அனுப்பலாமாம். அனகாவைச் சிறந்த பாடகியிலே போடு. உன்னோடதைப் பக்தி இசையிலே போட்டுடு" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

விண்ணப்பம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த வீட்டில் சைத்ரா பொறுப்பு. அவள் பாடகி பிரிவில் தன் பெயரை எழுதிக்கொண்டாள். நாத்தனாரின் பாட்டை 'சம்பிரதாயப் பாடல்' என்ற, யாரும் எட்டிப் பார்க்காத மூலைக்குத் தள்ளினாள். அங்கே எழுதியவர் பெயர் தெரியாத, தலைமுறையாக வந்த பாட்டுகளுக்குத்தான் இடம். அதனால் 'எழுதியவர்' என்ற கட்டத்தில் 'மரபு' என்று போட்டாள். கௌரிசங்கர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். பிறகு அவன் கேட்டபோது, "பாடகி பிரிவிலே தமிழும் கன்னடமும் கலந்த பாட்டை எடுத்துக்க மாட்டாளாம்" என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தாள்.

பாட்டை எழுதியது யார் என்று சைத்ராவைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. எழுதியது அவள் மாமியார் கனகலக்ஷ்மி. எழுதியதே சைத்ராவின் கல்யாணத்துக்குத்தான்.

இறுதிப் பட்டியல் வந்தது. இரண்டு பெயரும் இருந்தன. விழா இன்று மாலை நாலு மணிக்கு.

* * *

காலை பத்து மணிக்கு ஒண்டிகொப்பலிலிருந்து அனகா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் புடவைப் பை.

"மன்னி, எனக்குக் கொசுவம் நிக்கவே மாட்டேங்கறது. காலேஜுக்குச் சுடிதார்லயே காலம் ஓடிடறது. நீங்களே கட்டி விட்டுடுங்கோ."

அனகாவுக்கு முப்பத்தெட்டு வயது. பி.யு. காலேஜில் பௌதிகம் நடத்துகிறாள். சின்ன வயதில் பாட்டு வகுப்பில் கீதம் தாண்டுவதற்குள் தலைவலி என்று சொல்லித் தப்பித்து வந்தவள். சைத்ராவோ இருபத்திரண்டு வருஷம் குருகுலம் மாதிரி கற்றவள். ஆகாசவாணிக் கலைஞர். இன்றைக்கும் காலை ஐந்து மணிக்குத் தம்பூரா மிஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள்.

அந்தச் சைத்ரா, தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, நாத்தனாரின் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டாள். வாயில் இரண்டு ஸேப்டி பின்.

"எனக்குச் சிரிப்பா வரது மன்னி. நீங்க பாடகி. நான் சும்னே இட்லிப் பானையைத் திருப்பித் தர வந்தவ."

அதுதான் சைத்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இரவல் வாங்கிய இட்லிப் பானையோடு பின்பக்கமாக வந்த அனகாவைக் கௌரிசங்கர் ஷெட்டுக்குள் கூப்பிட்டான். "புது மைக் வந்திருக்கு. அம்மாவோட முறுக்குப் பாட்டைப் பாடு, பார்க்கலாம்" என்றான். அவள் பானையை மடியில் வைத்துக்கொண்டே பாடினாள். ஒரே தடவை. கடைசி வரியில் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே முடித்தாள்.

சைத்ராவின் தொகுப்புக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு பல்லவிக்கு மட்டும் நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கௌரிசங்கர் திரையைப் பார்த்துக்கொண்டே, "சுருதி மயிரிழை கீழே இருக்கு. இன்னொரு தரம்" என்றான். அனகா பாடியபோது அவன் திரையைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். காப்பி கொடுக்கப் போன சைத்ரா, ஷெட்டுக் கதவின் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். காப்பி ஆறிப்போகும்வரை நின்று பார்த்தாள்.

பொறாமை என்று வாயால் சொல்ல யாருக்கும் பிடிக்காது. ஆனால் பெயர் அதுதான். 

"மன்னி, ஒருவேளை என்னைக் கூப்பிட்டா மேடையிலே என்ன பேசறது? நீங்களே எழுதிக் குடுங்கோ."

"கூப்பிட்டா பார்த்துக்கலாம்."

"இல்லே, எனக்குப் பயம். நாலு வரி போறும்."

சைத்ரா எழுந்து, ஒரு தாளில் கன்னடத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். நடுவர்களுக்கு நன்றி, அண்ணாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, கேட்டவர்களுக்கு நன்றி.

அனகா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா பேரைக் காணோமே?"

இந்தக் கேள்வி வரும் என்று சைத்ராவுக்குத் தெரியும். பீரோவைச் சாத்திக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பிரிவிலே எழுதினவா பேர் இருக்கக் கூடாது. இருந்தா பாட்டைத் தள்ளிடுவா. நான் மரபுன்னு போட்டிருக்கேன்."

"அய்யோ! அப்போ அது பொய்தானே மன்னி?"

"வேற எங்கே போடறதாம்? இடமே இல்லே. எப்படியும் அதுக்குக் கொடுக்கப் போறதில்லே, விடு. ஒருவேளை கூப்பிட்டா அம்மான்னு வாயைத் திறக்காதே. உனக்கும் போயிடும், உங்க அண்ணா ஸ்டுடியோவுக்கும் கெட்ட பேர்."

அனகா தாளை நாலாக மடித்தாள். அவள் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. ஆனால் மன்னி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பழகியவள் அவள். அந்த நம்பிக்கையும் சைத்ராவை எரிச்சல்படுத்தியது.

* * *

மூன்றரை மணிக்குக் காரில் புறப்பட்டார்கள். முன்சீட்டில் மாமனார் வைத்யநாதன். ரெயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

"பேகா, சீக்கிரமா போகணும்டா கௌரி. முன்வரிசை கிடைக்கணும்" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பாமலே, "ஏண்டி அனகா, மேடைக்குப் போனா அம்மா பேரைச் சொல்லுவியோல்லியோ?" என்று கேட்டார்.

அனகா சைத்ராவைப் பார்த்தாள்.

"நேரம் கொடுத்தா சொல்லுவா அப்பா" என்றாள் சைத்ரா.

"நாலு வருஷமாச்சு அவ போய். வீட்டிலே நாம சொல்றோம். வெளியிலே ஒருத்தராவது கனகலக்ஷ்மின்னு ஒருத்தி இருந்தான்னு சொல்லிக் கேட்கணும்னு இருக்கு. வேற ஒண்ணுமில்லே."

 கௌரிசங்கர் விரலால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினான். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

* * *

அரங்கம் நிறைந்திருந்தது. முதலில் சிறந்த வாத்தியப் பதிவு, சிவமொக்காவிலிருந்து வந்த ஒரு புல்லாங்குழல்காரருக்கு. அடுத்தது குழந்தைப் பாடல்கள். அப்புறம் சிறந்த பாடகி.

சைத்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கௌரிசங்கர் அவள் கையைப் பிடித்தான்.

"சௌம்யா, ஹுப்பள்ளி!"

இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஓடிப் போய் மேடை ஏறினாள். சைத்ரா கை தட்டினாள். கொஞ்சம் வலித்தது, ஆனால் தாங்கிக்கொள்ளக் கூடிய வலி. ஹுப்பள்ளிப் பெண் யாரோ, நாளைக்குப் பார்க்கப் போவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் மேல் எவ்வளவு நேரம் பொறாமைப்பட முடியும்?

"பிடு, விட்டுத் தள்ளு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான் கௌரிசங்கர்.

"ம்."

"சம்பிரதாயப் பாடல் பிரிவு" என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். "விருது பெறுபவர்... அனகா, மைசூரு!"

சொந்த ஊர்ப் பெயர் கேட்டதும் அரங்கம் ஒரு சத்தம் போட்டது. அனகா எழுந்து நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் மேடை ஏறுவதற்குள் பாட்டை ஒலிக்க விட்டார்கள்.

ரெயிலேறி வந்த முறுக்கு ரெண்டாச்சு நாலாச்சு,
சம்பந்தி மாமி சிரிப்பு சம்புடத்தில் தூளாச்சு,
இர்லி பிடி சம்பந்தி, ஸ்பூன் போட்டுத் தின்னுக்கறோம்!

அரங்கமே சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள்கூட 'இர்லி பிடி' வந்ததும் சிரித்தார்கள். போனால் போகட்டும் விடு என்று அவர்கள் தினமும் பத்து தடவை சொல்கிற வார்த்தை அது.

சைத்ரா சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா அரசிகெரேயிலிருந்து பாஸஞ்சர் வண்டியில் சீர் முறுக்கைக் கொண்டுவந்தாள். மூன்று நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து சுற்றிய ஒன்பது சுற்று முறுக்கு. யாரோ டின் மேல் பெட்டியை வைத்துவிட்டார்கள், அத்தனையும் தூள். நலங்கில் சம்பந்தியைக் கேலி செய்து பாடுவது வழக்கம்தான். கனகலக்ஷ்மி அங்கேயே, அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிப் பாடினாள். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். பிறகு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணப் பெண்ணான சைத்ரா அதைப் பார்த்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு இப்போது விருது.

அனகா இறங்கி வந்து, விருதைச் சைத்ராவின் மடியில் வைத்தாள். "நீங்க வெச்சுக்கோங்கோ மன்னி. நான் எங்கேயாவது போட்டுடுவேன்." மடியில் அது கனத்தது. எடுத்துத் தரவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பின்வரிசையில் யாரோ, "எத்தனை ஒற்றுமை பாருங்க" என்று கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது.

கடைசி விருது, வருடத்தின் சிறந்த இசைப்பதிவு. எல்லாப் பிரிவுகளிலும் வென்ற பதிவுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் சேர்த்துக் கொடுப்பது. நடுவர் தலைவர், எண்பது வயது இருக்கும், தானே மைக்கருகில் வந்தார்.

"நாங்கள் ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் எழுதினோம். ஐந்து சீட்டிலும் ஒரே பெயர்" என்றார். "முறுக்குப் பாட்டு!"

கௌரிசங்கர் துள்ளி எழுந்தான். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைச் சைத்ரா பார்த்ததில்லை. தங்கையின் தோளில் கை போட்டு மேடைக்கு அழைத்துப் போனான். சைத்ராவின் பக்கம் திரும்பிப் பார்க்க மறந்துவிட்டான். வேண்டுமென்று இல்லை, மறந்துவிட்டான். அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

அனகா தாளைப் பிரித்து நாலு வரியையும் படித்தாள். பிறகு தாளில் இல்லாததைப் பேசினாள்.

"இந்தப் பாட்டுக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பினது என் மன்னி. எனக்குப் பாட்டே வராது. அவங்கதான் பாடகி. அவங்க இல்லேன்னா நான் இங்கே இல்லே. மன்னி, மேலே வாங்க."

கை தட்டலுக்கு நடுவே, மடியிலிருந்த விருதோடு சைத்ரா மேடை ஏறினாள். இதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். எந்தப் பொறாமையில் அவள் அந்தப் பாட்டை மூலைக்குத் தள்ளினாளோ, அதற்கு ஊரே கை தட்டி நன்றி சொல்கிறது.

நடுவர் தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தப் பாட்டை எழுதிய பெண் யார்? நமக்குத் தெரியாது. தெரியப் போவதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு சமையலறையில் இருந்த, பெயரில்லாத ஒருத்தி. அவளுக்குத்தான் இந்த விருது."

முன்வரிசையில் வைத்யநாதன் கையைத் தூக்கினார். வகுப்பில் விடை தெரிந்த பையன் தூக்குகிற மாதிரி. யாரும் கவனிக்கவில்லை. அவர் அனகாவைப் பார்த்தார். அனகா சைத்ராவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். அப்பாவின் கை மெல்ல இறங்கியது.

சைத்ரா அந்தக் கை இறங்குவதைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கௌரிசங்கரின் சிரிப்பையும் பார்த்தாள். இரண்டில் எதைப் பார்த்து அவள் வாய் திறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

"மன்னிக்கணும் சார்" என்றாள் மைக்கில், நல்ல கன்னடத்தில், ஆகாசவாணிக் குரலில். "எழுதினவங்களுக்குப் பெயர் உண்டு. கனகலக்ஷ்மி. என் மாமியார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், என் கல்யாணத்தில், என் கண் எதிரே கட்டின பாட்டு இது."

 அரங்கம் எழுந்து நின்றது. வைத்யநாதனும் எழுந்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமல் நின்றார்.

நடுவர் தலைவர் கை தட்டவில்லை. செயலாளரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். செயலாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். அனகாவின் கையிலிருந்த விருதையும் சைத்ராவின் கையிலிருந்ததையும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, மிகவும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

* * *

ஆறரை மணி. அரங்கத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கிற இடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு பத்திரிகை நிருபர் சைத்ராவை மட்டும் நிறுத்தி மூன்று படம் எடுத்தார். "இந்தக் காலத்தில் இப்படி உண்மை பேச யார் இருக்காங்க மேடம்?" என்றார். அனகா பக்கத்தில்தான் நின்றாள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

வைத்யநாதன் வந்து சைத்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் பெத்தவ வாயை மூடிண்டு நின்னா. வந்தவ சொன்னா" என்றார். "இனிமே நீதாம்மா எனக்குப் பொண்ணு."

சைத்ராவுக்கு உடம்பு கூசியது. 'வாயைத் திறக்காதே என்று சொன்னது நான்தான் அப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. அந்த நிமிஷத்துக்குள் அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று பேர் வெளியே நின்றார்கள்.

"அந்தப் பிரிவிலே எழுதினவா பேர் இருக்கக் கூடாதாமே?" கௌரிசங்கர் மெதுவாகக் கேட்டான். "செயலாளர் இப்பத்தான் ஃபார்மைக் காட்டினார். மரபுன்னு எழுதி, கீழே என் கையெழுத்து. பொய் சொல்லி அனுப்பினதா ஆயிடுத்து. அப்படி முடிவானா மூணு வருஷம் நம்ம ஸ்டுடியோவிலேர்ந்து எதையும் அனுப்ப முடியாதாம். ஏன் சைத்ரா அப்படி எழுதினே?"

"தெரியாம..."

"உனக்கா தெரியாது? நான் பாடகி பிரிவுலதானே போடச் சொன்னேன்? பஸ்ஸுக்குப் போறச்சே சொன்னேனே? கலந்த பாட்டை எடுத்துக்க மாட்டாளாம்னு நீ சொன்னே, அப்படி ஒரு விதியே இல்லேங்கறார் செயலாளர்."

அனகா சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"பாடகி பிரிவுலயா? என்னையா?"

"ஹௌது, உன்னைத்தான். அங்கே போட்டிருந்தா எழுதினவா பேர் தாராளமா வந்திருக்கும். பாடகின்னு ஜெயிச்சிருந்தா அங்கேர்ந்தே பெரிய விருதுக்கும் போயிருக்கும். அம்மா பேரும் திரையிலே வந்திருக்கும்."

அனகா கணக்குப் போட்டாள். பௌதிகம் நடத்துகிறவள், சீக்கிரமே போட்டுவிட்டாள். பாடகி பிரிவில் யார் பெயர் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

"இடமே இல்லேன்னேளே மன்னி" என்றாள்.

சைத்ரா நழுவிய முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"வாயைத் திறக்காதேன்னேள். நான் திறக்கலே. அப்பா கையைத் தூக்கினார், நான் பார்த்துண்டே நின்னேன், நீங்க சொன்னதுக்காக. அப்புறம் நீங்களே சொல்லிட்டேள். இப்போ அப்பாவுக்கு நான் பொண்ணு இல்லே."

"அனகா, நான் அப்பாவுக்காகத்தான்..."

"அப்பாவுக்காகவா? நிஜமா?"

ஆமாம் என்று ஒரே வார்த்தை. அத்தனை பெரிய அரங்கத்தில் கணீரென்று ஒலித்த குரல், அந்த ஒரு வார்த்தைக்கு எழும்பவில்லை.

கௌரிசங்கரின் போன் அடித்தது. செயலாளர். அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"நாளைக்குக் காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது சார். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, அந்த விண்ணப்பத்தை எழுதினது யார், ஏன் அப்படி எழுதினார்கள் என்று சொல்ல வேண்டும். தெரியாமல் நடந்த தவறு என்றால் குழு மன்னிக்கும். தெரிந்தே செய்தது என்றால், விண்ணப்பம் எழுதினவர் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். மேடம் இவ்வளவு நேர்மையானவங்க. அவங்களே வந்தால் சந்தோஷம்."

"நான் வரேன் சார்" என்றாள் அனகா, போனுக்கருகில் குனிந்து. "அனகா பேசறேன். நாளைக்கு எனக்குக் காலேஜ் மதியம்தான். நானே வந்து சொல்றேன்."

போன் நின்றது. அனகா காரின் பின்கதவைத் திறந்தாள். முன்சீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் பெயரைத் திரும்பத் திரும்பக் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறவர் மாதிரி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அனகா அவரைப் பார்த்தாள். பிறகு சைத்ராவைப் பார்த்தாள். அந்தப் பார்வை சைத்ராவுக்குப் புதிதல்ல. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஷெட்டுக் கதவின் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தில் அவள் பார்த்ததுதான்.

"அனகா, நாளைக்கு அங்கே என்ன சொல்லப் போறே?"

"உண்மையைத்தான் மன்னி. மேடையிலே நீங்க சொன்னேளே, அதே மாதிரி."